வாழைத்தார் ஏறிய வழக்கு
கரீபியன் தீவுகளின் வழியே ஓர் உலகமயமாதல் பாடம்

பத்தாம் வகுப்புப் பொருளியலில் உலகமயமாதல் பாடம் முடிந்ததும் நாம் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: உலகமயமாதலின் நன்மைகள் யாவை, தீமைகள் யாவை? மாணவர்களும் இந்தப் பக்கம் ஐந்து, அந்தப் பக்கம் ஐந்து என்று எழுதிவிடுகிறார்கள். மதிப்பெண்ணும் கிடைத்துவிடுகிறது. அந்த ஐந்து நன்மைகளும் யாருக்கு, இந்த ஐந்து தீமைகளும் யாருக்கு என்று திருப்பிக் கேட்டால் வகுப்பு அமைதியாகிவிடும்.

பிள்ளைகளைக் குறை சொல்வதற்கில்லை. இந்தியா மிகப் பெரிய நாடு. இங்கே ஒரு தொழில் நசிந்தால் இன்னொன்று எங்கோ வளர்கிறது. எது எதனால் நடந்தது என்று பிரித்துக் காட்டுவது ஆசிரியருக்கே கடினம். சிறிய நாடு என்றால் காரணமும் விளைவும் பளிச்சென்று தெரியும். ஜெனீவாவில் ஒரு தீர்ப்பு வந்தால், அதன் விளைவை அந்த நாட்டின் ஒவ்வொரு மலைச்சரிவிலும் பார்த்துவிடலாம். இந்தக் காரணத்துக்காகவே சில ஆண்டுகளாக இந்தப் பாடத்துக்குக் கரீபியன் நாடுகளை எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தி வருகிறேன். அதற்காகத் திரட்டிய செய்திகளையும் வகுப்பில் கையாண்ட முறையையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

தொடங்குவதற்கு எளிய வழி கிரிக்கெட். வெஸ்ட் இண்டீஸ் அணியைத் தெரியாத பிள்ளை இல்லை. ஆனால் அந்தப் பெயரில் ஒரு நாடு கிடையாது என்று சொன்னால் வியப்பார்கள். ஜமைக்கா, பார்படாஸ், டிரினிடாட், தென்னமெரிக்க நிலப்பரப்பில் உள்ள கயானா எனப் பல நாடுகள் சேர்ந்து அனுப்பும் அணி அது. வரைபடத்தில் அந்தத் தீவுகளைத் தேடச் சொல்லுங்கள். செயின்ட் லூசியாவின் மக்கள் தொகை சுமார் 1.8 லட்சம். டொமினிக்காவில் சுமார் 70 ஆயிரம் பேர். நம் ஊரில் ஒரு நடுத்தர நகராட்சி அளவு. ஆன்டிகுவா பார்புடாவில் ஒரு லட்சத்துக்கும் குறைவு. இந்த அளவுக் குறிப்பைக் கரும்பலகையின் ஓரத்தில் எழுதி, பாடம் முடியும்வரை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அது தேவைப்படும்.

சர்க்கரைக்காக உருவான சமூகங்கள்

உலகமயமாதல் 1990களில் தொடங்கியது என்ற எண்ணம் மாணவர்களிடம் வலுவாக இருக்கிறது. கரீபியன் வரலாறு அதை உடைக்கும். ஐரோப்பாவின் தேநீர்க் கோப்பைக்குச் சர்க்கரை தேவைப்பட்டது. அதற்குக் கரும்புத் தோட்டங்கள். தோட்டங்களுக்கு ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகள். தீவில் சாப்பிடும் உணவு வெளியிலிருந்து வரும், தீவில் விளையும் சர்க்கரை வெளியே போகும். தனக்குத் தேவையானதை விளைவிக்காமல் பிறருக்குத் தேவையானதை மட்டும் விளைவிப்பதற்காகவே கட்டமைக்கப்பட்ட பொருளாதாரம் அது. டிரினிடாட்டின் முதல் பிரதமரான எரிக் வில்லியம்ஸ் ஒரு வரலாற்றாசிரியர். 'முதலாளித்துவமும் அடிமைமுறையும்' என்ற தம் நூலில் (1944) இந்த உறவைத்தான் அவர் ஆராய்ந்தார்.

பிரிட்டிஷ் பேரரசில் அடிமைமுறை ஒழிந்த பிறகு ஆள் தேவைக்கு இந்தியாவின் பக்கம் திரும்பினார்கள். 1838இல் கயானாவுக்கும் 1845இல் டிரினிடாட்டுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர்களை ஏற்றிய கப்பல்கள் சென்றன. பெரும்பாலானோர் கல்கத்தா வழியே போன வட இந்தியர்கள். சென்னைத் துறைமுகம் வழியே போன தமிழர்களும் உண்டு. பிரெஞ்சுத் தீவுகளான மார்டினிக், குவாதலூப் ஆகியவற்றுக்குப் புதுச்சேரி, காரைக்கால் வழியே தமிழர்கள் சென்றார்கள். முதல் கப்பல் மார்டினிக்கை அடைந்தது 1853இல். அங்கே இன்றும் மாரியம்மன் வழிபாடு இருக்கிறது. இதைச் சொல்லும்போது வகுப்பில் ஒரு நெருக்கம் வந்துவிடும்.

ஹைட்டியின் கதையை இங்கே ஐந்து நிமிடம் சொல்லலாம். அடிமைகள் புரட்சி செய்து 1804இல் விடுதலை பெற்ற நாடு அது. தோட்டங்களையும் அடிமைகளையும் இழந்த பிரெஞ்சு முதலாளிகளுக்கு நட்டஈடாக 15 கோடி பிராங்க் தர வேண்டும் என்று 1825இல் போர்க்கப்பல்களை நிறுத்தி பிரான்ஸ் எழுதி வாங்கியது. பின்னர் அது 9 கோடியாகக் குறைக்கப்பட்டது. அதைக் கட்டக் கடன் வாங்கி, அந்தக் கடனையும் வட்டியையும் கட்டி முடிக்க 1947 ஆகிவிட்டது. விடுதலைக்கு விலை கொடுத்தவர்கள் விடுதலை அடைந்தவர்களே. ஏன் இந்த நாடு ஏழையாக இருக்கிறது என்று மாணவர் கேட்டால், விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது. முழு விடையும் இதுதான் என்று சொல்லிவிடவும் கூடாது. ஹைட்டியைச் சுரண்டிய உள்நாட்டு ஆட்சிகளும் பல.

பச்சைத் தங்கம்

பாடத்தின் மையப் பகுதி வாழைப்பழம். செயின்ட் லூசியா, டொமினிக்கா, செயின்ட் வின்சென்ட், கிரெனடா ஆகிய நான்கும் விண்ட்வர்ட் தீவுகள் எனப்படுகின்றன. 1950களில் கீஸ்ட் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் இங்கிருந்து வாழைக்காயை வாங்கிக் கப்பலில் பிரிட்டனுக்கு அனுப்பத் தொடங்கியது. நம் கடைகளில் பச்சைப்பழம், மோரிஸ் என்று விற்கும் கேவண்டிஷ் வகைதான். இதில் கவனிக்க வேண்டியது, பயிரிட்டவர்கள் சிறு விவசாயிகள். மலைச்சரிவில் இரண்டு ஏக்கர், மூன்று ஏக்கர் வைத்திருந்த குடும்பங்கள். கரும்பு தோட்ட முதலாளியின் பயிராக இருந்தது. வாழை சிறு விவசாயியின் பயிரானது. கப்பல் வாராவாரம் வரும். காய் வெட்டிப் பெட்டியில் அடுக்கிக் கொடுத்தால் அடுத்தடுத்துக் கைக்குக் காசு வரும். கரும்பைப் போல ஆண்டுக்கொரு முறை வரும் காசு இல்லை. அந்தக் காசில் ஓட்டு வீடு கட்டினார்கள், பிள்ளைகளை உயர்நிலைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். வாழைக்கு அங்கே 'பச்சைத் தங்கம்' என்று பெயர்.

ஆனால் இந்தப் பழம் வெளிச்சந்தையில் போட்டியிட்டு விற்றது இல்லை. ஈக்வடாரிலும் மத்திய அமெரிக்காவிலும் சமவெளியில் பல்லாயிரம் ஏக்கரில் பெருந்தோட்டங்கள் உண்டு. கம்பிவடத்தில் தார்களைத் தொங்கவிட்டு இழுத்துச் செல்வார்கள். கூலியும் குறைவு. மலைச்சரிவில் தலையில் சுமந்து இறக்கும் பழத்துக்கு அந்த விலை கட்டுப்படியாகாது. ஐரோப்பிய நாடுகள் தங்கள் பழைய காலனிகளுக்குத் தந்த சலுகைதான் இந்தத் தீவுகளைக் காத்தது. 1975இல் டோகோ நாட்டின் லோமே நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் அதை உறுதிசெய்தது. 1993இல் ஐரோப்பா ஒரே சந்தையானபோதும், ஒதுக்கீடு, உரிமம் ஆகியவற்றின் வழியே அந்தச் சலுகை தொடர்ந்தது.

1995இல் உலக வர்த்தக அமைப்பு பிறந்தது. 1996இல் அமெரிக்கா, ஈக்வடார், குவாதமாலா, ஹோண்டுராஸ், மெக்சிகோ ஆகிய ஐந்து நாடுகள் ஐரோப்பிய ஒன்றியத்தின் மீது வழக்குத் தொடுத்தன. அமெரிக்கா வாழைப்பழ ஏற்றுமதி நாடே இல்லை. ஆனால் லத்தீன் அமெரிக்காவில் பெருந்தோட்டங்களை நடத்திய சிக்கிட்டா, டோல் போன்ற நிறுவனங்கள் அமெரிக்க நிறுவனங்கள். ஐரோப்பியச் சந்தையில் பெரும்பங்கு அப்போதும் லத்தீன் அமெரிக்கப் பழத்துக்குத்தான் இருந்தது. கரீபியனின் பங்கு மிகச் சிறியது. அந்தச் சிறிய பங்குக்குத் தந்த பாதுகாப்பின் மீதே வழக்கு திரும்பியது.

விசாரணையில் நடந்த ஒரு சிறு நிகழ்வை நான் தவறாமல் சொல்வேன். வர்த்தகச் சட்டம் தெரிந்த அரசு வழக்கறிஞர்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ளச் செயின்ட் லூசியாவால் முடியாது. எனவே தனியார் வழக்கறிஞர்களை அமர்த்தி ஜெனீவாவுக்கு அனுப்பியது. அவர்கள் அரசு ஊழியர்கள் இல்லை என்ற காரணத்தால் முதல் நிலை விசாரணை அறையில் அமர அனுமதி மறுக்கப்பட்டது. மேல்முறையீட்டில்தான் அந்த உரிமை கிடைத்தது. அது பிற சிறிய நாடுகளுக்கும் பின்னாளில் பயன்பட்டது. இருந்தும், இந்த வழக்கில் கரீபியன் நாடுகள் வாதியும் இல்லை, பிரதிவாதியும் இல்லை. மூன்றாம் தரப்பு, அவ்வளவே. வழக்கு அவர்களுடைய வாழ்வைப் பற்றியது. நடந்ததோ வேறு இரண்டு பெரியவர்களுக்கு இடையில்.

1997இல் தீர்ப்பு ஐரோப்பாவுக்கு எதிராக வந்தது. ஐரோப்பா செய்த மாற்றங்கள் போதாது என்று 1999இல் அமெரிக்கா பதிலடி கொடுத்தது. ஆண்டுக்கு 19.14 கோடி டாலர் மதிப்புள்ள ஐரோப்பியப் பொருள்களுக்கு 100 சதவீத வரி விதிக்க உலக வர்த்தக அமைப்பு அனுமதித்தது. கைப்பைகள், படுக்கை விரிப்புகள் போன்றவற்றைச் செய்த ஐரோப்பியச் சிறு நிறுவனங்கள் வாழைப்பழத்துக்காக அடி வாங்கின. 2001இல் உடன்பாடு ஏற்பட்டது. 2009இல் ஜெனீவாவில் இறுதி ஒப்பந்தம்: லத்தீன் அமெரிக்கப் பழத்துக்கான வரி டன்னுக்கு 176 யூரோவிலிருந்து படிப்படியாக 114 யூரோவாகக் குறையும். 2012இல் வழக்கு முறைப்படி முடிக்கப்பட்டது.

விண்ட்வர்ட் தீவுகளில் அதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. 1990களின் தொடக்கத்தில் இருபதாயிரத்துக்கும் அதிகமான விவசாயிகள் வாழை ஏற்றுமதி செய்தார்கள். அடுத்த பத்தாண்டுகளில் அவர்களில் மிகப் பெரும்பான்மையோர் அந்தப் பயிரைக் கைவிட்டுவிட்டார்கள். புயலும் இலைப்புள்ளி நோயும் மீதியைப் பார்த்துக்கொண்டன. நிலத்தைத் தரிசாகப் போட்டுவிட்டு இளைஞர்கள் நகரத்துக்கும் வெளிநாட்டுக்கும் போனார்கள். தாக்குப்பிடித்த சிலர் 'நியாய வர்த்தகம்' முத்திரை பெற்றுப் பிழைத்தார்கள். 2007இல் பிரிட்டனின் செயின்ஸ்பரி, வெயிட்ரோஸ் ஆகிய பல்பொருள் அங்காடிகள் தங்கள் வாழைப்பழம் முழுவதையும் அந்த முத்திரை பெற்றதாக மாற்றியபோது செயின்ட் லூசியா விவசாயிகளுக்குக் கொஞ்சம் மூச்சு கிடைத்தது.

கதையை இந்த இடத்தில் நிறுத்தினால் மாணவர்கள் ஒரே முடிவுக்கு வந்துவிடுவார்கள். எதிர்த்தரப்பையும் சொல்ல வேண்டும். ஈக்வடார் தோட்டத் தொழிலாளி செயின்ட் லூசியா விவசாயியைவிட ஏழை. பிரிட்டன் ஆண்ட தீவு என்பதற்காக ஒருவருக்குத் திறக்கும் கதவு எங்களுக்கு ஏன் மூடியிருக்கிறது என்று அவர் கேட்டால், அதில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியுமா? ஐரோப்பியர்களும் வாழைப்பழத்துக்குக் கூடுதல் விலை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் கூடுதல் விலையின் பெரும்பகுதி விவசாயியிடம் போகவில்லை. இறக்குமதி உரிமம் வைத்திருந்தவர்களிடம் தங்கியது.

அதே நீதிமன்றம், இன்னொரு வழக்கு

1990களில் ஆன்டிகுவா இணையவழிப் பந்தயச் சேவையில் இறங்கியது. சுற்றுலாவை மட்டும் நம்பியிருந்த ஒரு குட்டி நாட்டுக்கு அது புது வருமானம். வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் அமெரிக்கர்கள். அமெரிக்கா இதைத் தடுத்தது. 2003இல் ஆன்டிகுவா உலக வர்த்தக அமைப்பில் வழக்குப் போட்டது. சூதாட்டத்துக்குத் தடை நல்லதுதானே என்று மாணவர்கள் கேட்பார்கள். தமிழ்நாட்டிலும் இணையவழிச் சூதாட்டத்தைத் தடுக்க 2022இல் சட்டம் வந்ததே. நல்ல கேள்வி. அமெரிக்காவும் பொது ஒழுக்கத்தைக் காக்கவே தடை என்று வாதாடியது. அந்த உரிமை ஒரு நாட்டுக்கு உண்டு என்பதை அமைப்பும் ஏற்றுக்கொண்டது. ஆனால் குதிரைப் பந்தயத்துக்கு உள்நாட்டு நிறுவனங்கள் இணையவழியில் பணம் வாங்க இடமளித்துவிட்டு, வெளிநாட்டுக்காரரை மட்டும் தடுப்பது பாகுபாடு என்றது. 2005இல் ஆன்டிகுவா வென்றது.

வென்று என்ன ஆயிற்று? அமெரிக்கா தன் தடையை மாற்றவில்லை. ஆண்டுக்கு 344 கோடி டாலர் இழப்பு என்றது ஆன்டிகுவா. 2007இல் நடுவர்கள் கணக்கிட்டது 2.1 கோடி டாலர். அந்த அளவுக்குப் பதிலடி கொடுக்கலாம் என்றார்கள். எப்படிக் கொடுப்பது? உணவு முதல் உதிரிபாகம் வரை அமெரிக்காவிலிருந்து வாங்கும் நாடு அமெரிக்கப் பொருளுக்கு வரி போட்டால், விலை ஏறுவது ஆன்டிகுவா கடையில்தான். அமெரிக்காவுக்கு அது உறைக்கவும் உறைக்காது. கடைசியில் அமெரிக்கக் காப்புரிமைகளை அந்த மதிப்புக்கு மீறிக்கொள்ள 2013இல் அனுமதி கிடைத்தது. அதைப் பயன்படுத்த ஆன்டிகுவா தயங்கியது. ஆண்டுகள் பல கடந்தும் தகராறு தீரவில்லை.

வாழை வழக்கிலேயே இதற்கு இணை ஒன்று இருக்கிறது. ஐரோப்பாவுக்கு எதிராகப் பதிலடி கொடுக்க ஈக்வடாருக்கும் 2000இல் அனுமதி கிடைத்தது, ஆண்டுக்கு 20.16 கோடி டாலர் அளவுக்கு. அமெரிக்காவுக்குக் கிடைத்ததைவிட அதிகம்! ஈக்வடார் அதைப் பயன்படுத்தவே இல்லை.

இந்த இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால், உலக வர்த்தக அமைப்பின் நோக்கங்கள் என்ற பத்தியை மாணவர் வேறு கண்ணோடு படிப்பார். விதி எல்லாருக்கும் ஒன்றுதான்; தீர்ப்பும் நேர்மையாகவே வந்தது; சிறிய நாடு பெரிய நாட்டை வெல்லவும் முடிந்தது. நிறைவேற்றும் வலிமை மட்டும் சந்தையின் அளவைப் பொறுத்து இருந்தது. கரும்பலகை ஓரத்தில் எழுதிய மக்கள் தொகையை இப்போது சுட்டிக்காட்டலாம்.

ஜமைக்கா ஹோப் என்ற மாடு

ஜமைக்காவின் கதை கடனில் தொடங்குகிறது. 1970களில் எண்ணெய் விலை ஏற, வெளிநாட்டுச் செலாவணி வற்ற, 1977இல் மைக்கேல் மேன்லியின் அரசு பன்னாட்டுப் பண நிதியத்திடம் போனது. அதன்பின் கடனும் அதனுடன் வரும் நிபந்தனைகளும் ஜமைக்காவின் அன்றாடமாகிவிட்டன. நாணய மதிப்பைக் குறை, மானியத்தை நிறுத்து, இறக்குமதிக்குக் கதவைத் திற.

கதவு திறந்ததும் என்ன ஆனது என்பதற்குப் பால் நல்ல எடுத்துக்காட்டு. டி.பி. லெக்கி என்ற ஜமைக்க அறிவியலாளர் வெப்பநிலத்தில் நன்றாகப் பால் கறக்கும் ஒரு மாட்டினத்தைப் பல ஆண்டுகள் உழைத்து உருவாக்கினார். ஐரோப்பாவின் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் இனங்களோடு அவர் கலந்தது, பிரிவினைக்கு முந்தைய பஞ்சாபின் சாஹிவால் மாட்டை. 1952இல் 'ஜமைக்கா ஹோப்' என்று அந்த இனம் அங்கீகாரம் பெற்றது. தனக்கு வேண்டியதை உலகின் இரண்டு மூலைகளிலிருந்து எடுத்து, தன் மண்ணுக்கு ஏற்பச் செய்துகொண்ட உலகமயமாதல் இது. அந்தப் பகுதியை வகுப்பில் விட்டுவிடாதீர்கள்.

1990களின் தொடக்கத்தில், உலக வங்கிக் கடனோடு இணைந்த சீர்திருத்தங்களின் பகுதியாகப் பால் பவுடர் இறக்குமதிக்கு இருந்த தடுப்புகள் தளர்ந்தன. ஐரோப்பிய அரசுகளின் மானியம் பெற்ற பால் பவுடர் மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. பதப்படுத்தும் நிறுவனங்களுக்கு அதைக் கரைப்பது மலிவாகப் பட்டது. விற்காத பாலை விவசாயிகள் தரையில் கொட்டினார்கள்; மாடுகளை இறைச்சிக்கு விற்றார்கள். ஆண்டுக்கு ஏறக்குறைய 3.8 கோடி லிட்டராக இருந்த உள்நாட்டுப் பால் உற்பத்தி, இருபது ஆண்டுகளில் அதில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கியது. கவனியுங்கள், ஜமைக்காவிடம் மானியத்தை நிறுத்தச் சொன்னவர்கள் ஐரோப்பாவின் மானியத்தை நிறுத்தவில்லை. ஏழை வீடுகளில் குழந்தைகளுக்குப் பால் கொஞ்சம் மலிவாகக் கிடைத்தது என்பதும் உண்மை. உலகச் சந்தையில் பால் பவுடர் விலை ஏறியபோது திரும்பிப்போக உள்ளூர்ப் பண்ணைகள் போதுமான அளவில் இல்லை என்பதும் உண்மை. கறவை மாட்டை மீண்டும் பெருக்க ஆண்டுகள் ஆகும்.

ஹைட்டியில் அரிசிக்கு இதுவே நடந்தது. 1995இல் அரிசி இறக்குமதி வரி 3 சதவீதமாகக் குறைக்கப்பட, அமெரிக்காவின் மானிய அரிசி உள்ளூர் நெல்லை விரட்டியது. அந்தக் கொள்கையை ஆதரித்த முன்னாள் அதிபர் பில் கிளின்டன், அது அர்கன்சாஸ் விவசாயிகளுக்கு நல்லதாக இருந்திருக்கலாம், ஹைட்டிக்குப் பலன் தரவில்லை என்று 2010இல் அமெரிக்க செனட் குழு முன்பு வருத்தம் தெரிவித்தார்.

ஜமைக்கா பிறகு மீண்டது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். 2013 வாக்கில் அதன் பொதுக்கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 140 சதவீதத்தைத் தாண்டியிருந்தது. மீண்டும் பண நிதியம். ஆனால் இம்முறை அரசு, தொழிலாளர் சங்கம், வணிகர்கள் சேர்ந்து ஒரு மேற்பார்வைக் குழு அமைத்தார்கள். ஆட்சி மாறியும் திட்டம் மாறவில்லை. 2025 வாக்கில் கடன் விகிதம் பாதிக்கும் கீழே வந்துவிட்டது. அதற்கான விலையில் ஒரு பகுதியைக் கொடுத்தவர்கள் நம்மைப் போன்றவர்கள்: ஆசிரியர்கள் உட்பட அரசு ஊழியர்களின் ஊதிய உயர்வு ஆண்டுக்கணக்கில் நிறுத்திவைக்கப்பட்டது.

இன்னொன்றும் நம் துறை சார்ந்தது. 2000களின் தொடக்கத்தில் பிரிட்டனில் ஆசிரியர் பற்றாக்குறை வந்தபோது, ஆள் எடுக்கும் நிறுவனங்கள் ஜமைக்காவுக்கு வந்து அனுபவமுள்ள ஆசிரியர்களை அழைத்துச் சென்றன. சம்பளம் பல மடங்கு. போனவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கணக்கு, அறிவியல் ஆசிரியர் இல்லாமல் நின்றவை ஜமைக்க வகுப்பறைகள். கரீபியன் நாடுகள் குரல் எழுப்பியதால் 2004இல் காமன்வெல்த் நாடுகள் ஆசிரியர் நியமனத்துக்கு ஒரு நெறிமுறை வகுத்தன. வெளிநாட்டில் வேலை செய்பவர்கள் வீட்டுக்கு அனுப்பும் பணம் இன்று ஜமைக்காவுக்கு ஆண்டுக்கு 300 கோடி டாலருக்கும் மேல். படித்தவரை ஏற்றுமதி செய்து பணத்தை இறக்குமதி செய்யும் வணிகம் என்று இதை மாணவர்களிடம் சொல்லலாம். வளைகுடாவில் தந்தை வேலை செய்யும் பிள்ளைகள் இருக்கும் வகுப்பில், இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

பணம் எங்கே தங்குகிறது

வாழை போன இடத்தில் பல தீவுகளில் சுற்றுலா வந்தது. கடற்கரையில் பெரிய விடுதிகள், துறைமுகத்தில் சொகுசுக் கப்பல்கள். பயணி கொடுக்கும் பணத்தைப் பின்தொடர்ந்து பார்க்கச் சொல்வது நல்ல பயிற்சி. விமானம் அமெரிக்க நிறுவனத்துடையது. விடுதி வெளிநாட்டுச் சங்கிலி. தங்குவது, உண்பது எல்லாம் சேர்த்து ஒரே கட்டணமாக அவர் தன் ஊரிலேயே கட்டிவிட்டார். காலை உணவின் பழச்சாறுகூட மியாமியிலிருந்து கொள்கலனில் வந்திருக்கும். தீவில் தங்குவது அறையைச் சுத்தம் செய்பவரின் கூலி, வாடகைக் காரின் கட்டணம், கொஞ்சம் வரி. கரீபியன் சமூக நாடுகளின் உணவு இறக்குமதிச் செலவை 2025க்குள் 25 சதவீதம் குறைக்க வேண்டும் என்று அரசுகள் இலக்கு வைத்தன. பிறகு கெடுவை 2030க்குத் தள்ளினார்கள். 2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது செயின்ட் லூசியாவின் பொருளாதாரம் ஓராண்டில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் சுருங்கியது. வாழையை நம்பிய காலத்தில் ஒரே பயிர். இப்போது ஒரே தொழில்.

செயின்ட் லூசியாவின் மகன் ஒருவர் இந்தக் கேள்வியை முன்பே கேட்டார். ஆர்தர் லூயிஸ், 1979இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றவர். கிழக்குக் கரீபியன் நூறு டாலர் தாளில் அவர் படம் இருக்கிறது. வேலையற்ற கைகள் நிறைந்த, மூலதனம் இல்லாத நாடுகள் வெளிநாட்டு முதலீட்டாளரை அழைத்துவரலாம். ஆனால் அவர்களிடம் தொழிலைக் கற்றுக்கொண்டு பிறகு சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்றார். பல அரசுகள் முதல் பாதியைச் செய்தன. இரண்டாம் பாதியை விட்டுவிட்டன என்பது என் கருத்து.

இரண்டாம் பாதியையும் ஓரளவு செய்த நாடாக டொமினிக்கன் குடியரசைக் காட்டலாம். (டொமினிக்காவும் இதுவும் வேறு வேறு நாடுகள், மாணவர்கள் குழம்புவார்கள்.) ஏற்றுமதி மண்டலங்களில் ஆடை தைத்துக்கொண்டிருந்தார்கள். 2005இல் உலக ஆடை ஒதுக்கீட்டு முறை முடிந்து சீன ஆடைகள் சந்தையை நிரப்பியபோது ஏராளமானோர் வேலை இழந்தார்கள். ஆனால் அதே மண்டலங்களில் மருத்துவக் கருவிகள், மின் சாதனங்கள் என்று மாறினார்கள். இன்று அங்கே சுமார் 2 லட்சம் பேர் வேலை செய்கிறார்கள். டிரினிடாட் தன் இயற்கை எரிவாயுவை அப்படியே விற்காமல் அம்மோனியா, மெத்தனால் என மாற்றி விற்கக் கற்றது. அதே டிரினிடாட்டில் அரசுச் சர்க்கரை நிறுவனம் 2003இல் மூடப்பட்டது. வேலையிழந்த ஆயிரக்கணக்கானோரில் ஒப்பந்தக் கூலிகளின் பேரப்பிள்ளைகள் மிகப் பலர். கயானாவில் 2019 இறுதியில் எண்ணெய் எடுக்கத் தொடங்கினார்கள். 2022இல் மட்டும் பொருளாதாரம் 60 சதவீதத்துக்கும் மேல் வளர்ந்தது. எக்ஸான் கூட்டமைப்போடு செய்த ஒப்பந்தத்தில் அரசின் உரிமத்தொகை வெறும் 2 சதவீதம். அதற்குமேல், செலவைக் கழித்தபின் வரும் இலாபத்தில்தான் பாதி. இந்த ஒப்பந்தம் குறித்து அங்கே இன்னும் வாக்குவாதம் ஓயவில்லை.

புயலைப் பற்றி ஒரு சொல். 2017இல் மரியா புயல் ஒரே இரவில் டொமினிக்காவுக்கு ஏற்படுத்திய சேதமும் இழப்பும் அதன் ஓராண்டு மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 226 சதவீதம். வீடு இடிந்தாலும் தவணை நிற்காது என்பதுதான் கடன் சந்தையின் விதி. கிரெனடா தன் கடன் பத்திரங்களில், பெரும்புயல் வந்தால் தவணை தள்ளிப்போகும் என்று ஒரு நிபந்தனையைச் சேர்க்கவைத்தது. 2024இல் பெரில் புயலுக்குப் பிறகு அதைப் பயன்படுத்தவும் செய்தது. ஒரு லட்சத்துச் சொச்சம் மக்கள் கொண்ட நாடு உலகக் கடன் சந்தையின் விதியில் ஒரு வரியை மாற்றி எழுதவைத்ததை நான் சிறிய செய்தியாக நினைக்கவில்லை.

வகுப்பறையில்

இதையெல்லாம் விரிவுரையாகச் சொன்னால் இரண்டு பாடவேளை போய்விடும், பிள்ளைகளும் தூங்கிவிடுவார்கள். வாழை வழக்கை மட்டும் நடித்துப் பார்க்க விடுவேன். ஐந்து குழுக்கள்: செயின்ட் லூசியா விவசாயி, ஈக்வடார் தோட்டத் தொழிலாளி, அமெரிக்கப் பழ நிறுவனம், லண்டனில் பழம் வாங்குபவர், நடுவர்கள். ஒவ்வொரு குழுவுக்கும் நான்கைந்து வரியில் ஒரு அட்டை. விவசாயியின் அட்டையில் நிலத்தின் அளவும் சரிவும் இருக்கும். தொழிலாளியின் அட்டையில் தினக்கூலிப் பிரச்சினை. நிறுவனத்தின் அட்டையில் வர்த்தக விதி. முதல் சுற்றில் விவசாயி குழு பேசவே கூடாது, மூன்றாம் தரப்பு என்பதால் கேட்க மட்டும் செய்யலாம் என்று சொல்லிவிடுவேன். அந்தக் குழு படும் எரிச்சலே பாடத்தில் பாதி. இரண்டாம் சுற்றில் பேச விடலாம்.

ஒருமுறை ஈக்வடார் குழுவிலிருந்த மாணவி, "அவங்களுக்கு ரெண்டு ஏக்கராவது இருக்கு, எங்களுக்கு அதுவும் இல்லையே" என்றாள். வகுப்பு அதுவரை ஒரே பக்கம் சாய்ந்திருந்தது. நடுவர் குழு அதற்குப் பிறகு தீர்ப்புச் சொல்லத் திணறியது. திணறட்டும் என்று விட்டுவிட்டேன்.

தேர்வுக்கும் இது உதவுகிறது. நன்மை தீமைப் பட்டியலைக் கேட்கும் வினா வந்தால், ஒவ்வொரு குறிப்புக்கும் பக்கத்தில் 'யாருக்கு' என்று அடைப்புக்குறிக்குள் எழுதப் பழக்கலாம். ஒரு நாட்டின் பெயரோடு எடுத்துக்காட்டுத் தந்த விடை திருத்துபவரின் கண்ணிலும் தனித்துத் தெரியும். மெல்லக் கற்கும் மாணவர்களுக்கு வரைபடப் பணி போதும்: வாழைப்பழம் போன வழி, பால் பவுடர் வந்த வழி, சாஹிவால் மாடு போன வழி, ஆசிரியர்கள் போன வழி, அவர்கள் பணம் வந்த வழி. ஐந்து நிறத்தில் ஐந்து அம்புக்குறிகள். அட்டவணை போட்டு எழுதத் தயங்கும் பிள்ளைகள் அம்புக்குறி வரையும்போது தயங்குவதில்லை. வரைந்து முடித்ததும், எந்த அம்பைத் திருப்பிவிடும் அதிகாரம் அந்தத் தீவிடம் இருந்தது என்று கேட்டு, அதை மட்டும் தடித்த கோடாக்கச் சொல்லுங்கள்.